ஆய்வு மாணவர்கள் நூலகத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: தேடுவது, சரிபார்ப்பது, சான்று காட்டுவது

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு மாணவர்களுக்கு வகுப்பெடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் வகுப்பில் கேட்பதைவிட, வகுப்பு முடிந்து மேசைக்கு வந்து கேட்பதுதான் அதிகம். ஆண்டு மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அதேதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பலர் நூலகரைத் தேடி வருவது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில், 'பிளேஜியரிசம் ரிப்போர்ட்' (கருத்துத் திருட்டு அறிக்கை) வாங்குவதற்கு. ஆனால் கீழே உள்ள கேள்விகளில் முக்கால்வாசி, தலைப்பு முடிவாவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவை. முதல் ஆண்டு மாணவர்கள் கண்ணில் இது பட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

"லைப்ரரி ஓரியண்டேஷன்னா எந்த ரேக்ல எந்தப் புத்தகம்னு காட்டுறதுதானே சார்? அதுக்கு எதுக்கு தனியா வகுப்பு?"

ரேக்கைக் காட்டுவது அதில் சின்னப் பகுதி. நமக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வது, அது எங்கே இருக்கும் என்று ஊகிப்பது, தேடி எடுப்பது, கிடைத்ததை நம்பலாமா என்று பார்ப்பது, எடுத்தாண்டதற்கு உரியவர் பெயரைச் சொல்வது: இவ்வளவும் சேர்ந்ததுதான் தகவல் எழுத்தறிவு. இந்தப் பெயரை 1974-ல் அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி பயன்படுத்தினார். பெயர் வருவதற்கு முன்பே நம் ஊரில் இந்த வேலை நடந்திருக்கிறது. சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார். புதிதாக வரும் வாசகருக்கு நூலகத்தைப் பழக்கிவிடுவதை அவர் நூலகரின் கடமைகளில் ஒன்றாகவே எழுதிவைத்தார். 1931-ல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. இந்த வகுப்புகளின் நோக்கமும் அதுதான்.

இப்போது முனைவர் பட்ட மாணவர் எல்லோருக்கும் ஆய்வு நெறிமுறை, வெளியீட்டு நெறிமுறை பற்றிய 2 கிரெடிட் பாடம் கட்டாயம். 2019 டிசம்பரில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த 30 மணி நேரப் பாடம் அது. தரவுத்தளங்கள், போலி இதழ்கள், கருத்துத் திருட்டு எல்லாம் அதில் வருகின்றன. அட்டெண்டன்ஸுக்காக மட்டும் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்.

"கூகுள்லயே எல்லாம் கிடைக்குதே, நூலகத்துக்கு ஏன் வரணும்?"

கூகுளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் முதலில் அங்கேதான் தொடங்குகிறேன். ஒரு துறையில் எந்தச் சொற்கள் புழங்குகின்றன என்று தெரிந்துகொள்ள அது நல்ல இடம். ஆய்வுக் கட்டுரைகளுக்குச் சாதாரண கூகுளை விட்டுவிட்டு கூகுள் ஸ்காலருக்குப் போங்கள். அதையும் தாண்டி உங்கள் துறைக்கென்று தனித் தரவுத்தளம் இருக்கும். மருத்துவத்துக்கு பப்மெட், கல்வியியலுக்கு எரிக், இரண்டுமே இலவசம். இவற்றில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பொருள்தலைப்பு கொடுத்திருப்பார்கள். ஆசிரியர் எந்தச் சொல்லை எழுதியிருந்தாலும் அந்தத் தலைப்பைப் பிடித்தால் கட்டுரை கைக்கு வந்துவிடும். கூகுளில் அந்த வசதி இல்லை.

நூலகத்துக்கு 'வருவது' என்றால் நேரில் வந்து நிற்க வேண்டும் என்பதில்லை. நூலகம் சந்தா கட்டியிருக்கும் இதழ்களை விடுதியிலிருந்தே திறக்க லாகின் கொடுப்போம். அதை வாங்காமலேயே இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்டவர்கள் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால் நாளைக்கே வாருங்கள்.

"தலைப்பை அப்படியே போட்டுத் தேடினா, ஒண்ணு லட்சக்கணக்குல வருது, இல்லேன்னா ஒண்ணுமே வரல. என்ன தப்பு?"

தலைப்பை அப்படியே போடுவதுதான் தப்பு. தலைப்பு என்பது மனிதர்கள் படிப்பதற்கான வாக்கியம். தேடும் இயந்திரத்துக்கு அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு மாதிரி பார்ப்போம்: 'காவிரி டெல்டாவில் நிலத்தடி நீர் உப்பாவதன் தாக்கம்'. ஒரு தாளில் மூன்று பத்தி, அதாவது மேலிருந்து கீழாக மூன்று கட்டம், போடுங்கள். முதல் பத்தியில் இடம், இரண்டாவதில் பிரச்சினை, மூன்றாவதில் அது யாரை அல்லது எதைப் பாதிக்கிறது.

இனி ஒவ்வொரு பத்தியிலும், அதே விஷயத்தை இன்னொருவர் எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று யோசித்து எழுதுங்கள். காவிரியை ஆங்கிலத்தில் 'சி' போட்டும் எழுதுகிறார்கள், 'கே' போட்டும் எழுதுகிறார்கள். தஞ்சாவூர் பழைய ஆவணங்களில் 'டாஞ்சூர்' என்றும் நாகப்பட்டினம் 'நெகபடாம்' என்றும் இருக்கும். நிலத்தடி நீர் உப்பாவதை ஒருவர் 'கிரவுண்ட்வாட்டர் சாலினிட்டி' என்பார், இன்னொருவர் 'சீவாட்டர் இன்ட்ரூஷன்' என்பார், மூன்றாமவர் 'சால்ட்வாட்டர் இன்ட்ரூஷன்' என்பார். இதில் 'கிரவுண்ட்வாட்டர்' ஒரே சொல்லாகவும் வரும், இரண்டாகப் பிரிந்தும் வரும். மூன்றாவது பத்தியில் 'இம்பாக்ட்' என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். எல்லாக் கட்டுரையிலும் இருக்கும் சொல் அது, எதையும் வடிகட்டாது. அந்த இடத்தில் நெல் விளைச்சலா, குடிநீரா, இறால் பண்ணையா என்று எழுதுங்கள். இந்தப் பத்தியை நிரப்ப முடியாமல் திணறினால், உங்கள் தலைப்பே இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். அதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அப்புறம் வேலை எளிது. ஒரே பத்தியில் உள்ள சொற்களை 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லால் இணைத்து அடைப்புக்குறிக்குள் போடுங்கள். பத்திகளை ஒன்றோடொன்று 'ஆண்ட்' என்ற சொல்லால் இணையுங்கள். இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டும் என்றால் இரட்டை மேற்கோள்குறிக்குள் வையுங்கள். முடிவு குறைவாக வந்தால் ஒரு பத்தியை எடுத்துவிடுங்கள். அதிகமாக வந்தால் கட்டுரைத் தலைப்பில் மட்டும் தேடச் சொல்லுங்கள். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் அதன் சான்றுப் பட்டியலைப் பிடித்துப் பின்னால் போகலாம். ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே அதை எடுத்தாண்டவர்களின் பட்டியல் இருக்கும், அதை அழுத்தி முன்னால் போகலாம். நல்ல ஆய்வாளர்கள் பாதிக் கட்டுரைகளை இப்படித்தான் பிடிக்கிறார்கள்.

"தமிழ்ல தேடினா மட்டும் ஏன் உருப்படியா எதுவும் வரமாட்டேங்குது?"

மூன்று காரணம். ஒன்று, எழுத்துரு. 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முன்பும், பல அச்சகங்களில் அதற்குப் பின்பும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் ஏராளம். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடுபொறிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். இரண்டு, ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். அதன் தலைப்பைத் தேடலாம், உள்ளே உள்ள வரியைத் தேட முடியாது. மூன்று, தமிழின் வேற்றுமை உருபுகள். 'கண்மாய்' என்று தேடினால் 'கண்மாயில்', 'கண்மாய்களின்' எல்லாம் தாமாக வராது. தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கூடவே ஏரி, குளம், ஏந்தல் என்று வட்டாரச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தைய பதிலில் சொன்ன மூன்று பத்தித் தாள் தமிழுக்கு இன்னும் அவசியம்.

ஆகவே தமிழுக்குக் கூகுளை மட்டும் நம்பாமல், எங்கே எது இருக்கிறது என்று தெரிந்து நேராகப் போங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் நிறைய உள்ளன. இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டத்தை விட்டால் வேறு வழியில்லை என்றே சொல்லலாம். இலக்கிய மூலபாடத்துக்கு 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம். 19, 20-ஆம் நூற்றாண்டு அச்சு நூல்கள், துண்டறிக்கைகள், பழைய இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த தொகுப்பு 1994-ல் ஆராய்ச்சி நூலகமானது. இன்று தமிழ் அச்சு வரலாறு பற்றி எழுதுகிற யாரும் அங்கே போகாமல் இருக்க முடியாது. சுவடிகளுக்கு உ.வே.சா. நூலகம், சரசுவதி மகால், கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம்.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் தமிழ் நூலைத் தேடும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே தலைப்பை ஒரு நிலையான முறைப்படி ஆங்கில எழுத்தில் பெயர்த்திருப்பார்கள். அந்த முறையில் சகரத்துக்கு ஆங்கில 'சி' எழுத்துதான். 'சங்கம்' என்பதை நாம் வழக்கமாக எழுதுவதுபோல 'எஸ்' போட்டுத் தேடினால் அந்த நூலகத்தில் நூலே இல்லை என்று நினைத்துவிடுவோம்.

"விக்கிப்பீடியாவை ரெஃபரன்ஸா காட்டலாமா?"

படிக்கலாம், சான்றாகக் காட்ட வேண்டாம். பக்கத்தின் அடியில் உள்ள மேற்கோள்களைத் திறந்து, மூலத்தைப் படித்து, மூலத்தைக் காட்டுங்கள்.

"கட்டுரையைத் திறந்தா டாலர்ல காசு கேட்குது. அவ்வளவு பணத்துக்கு எங்க போறது?"

ஒரு மாணவர்கூடத் தன் கைக்காசைக் கட்ட வேண்டிய தேவை வரக்கூடாது. வரிசையாக இப்படிப் போங்கள். முதலில் பல்கலைக்கழக லாகின் வழியாகத் திறந்து பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறையில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அரசுக் கல்லூரியில் இருந்துகொண்டு இது தெரியாமல் இருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். சுயநிதிக் கல்லூரி மாணவர்கள் இந்த முதல் கட்டத்துக்குள் வரவில்லை, அது எனக்கு வருத்தம்தான். அவர்களுக்குக் கீழே உள்ள வழிகள்.

ஸ்காலரில் கட்டுரையின் எல்லாப் பதிப்புகளையும் காட்டச் சொன்னால், ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டிருக்கும் இலவசப் பிரதி சில நேரம் கிடைக்கும். 'அன்பேவால்' என்ற உலாவி நீட்சி அதைத் தானாகவே தேடித் தரும். கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்கள் யார், என்ன ஆய்வு, எந்தக் கட்டுரை என்று சொன்னால் போதும், பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் உங்கள் நூலகரிடம் சொல்லுங்கள். டெல்நெட் போன்ற நூலக வலையமைப்பில் உங்கள் நூலகம் உறுப்பினராக இருந்தால், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முடியும்.

பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். பதிப்பகங்கள் அதன் மேல் 2020 இறுதியில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. கட்டுரை விலைகள் அநியாயமானவை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மேலே சொன்ன நான்கு வழியையும் முயலாமல் நேராக அங்கே போகிறவர்களே அதிகம். அதனால் தங்களுக்கு முறைப்படி எவ்வளவு கிடைக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

"சோத்கங்காவுல என் தலைப்புலயே ஒரு தீசிஸ் இருக்கு. அதை எப்படிப் பயன்படுத்தறது?"

சோத்கங்கா காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் முதலில் பார்க்க வேண்டியது சான்றுப் பட்டியல். உங்கள் தலைப்பில் ஒருவர் சில ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த வழிகாட்டி அது. அடுத்து, அவர் எந்த மாவட்டத்தில், எந்தக் காலத்தில், எந்த முறையில் ஆய்ந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் விட்ட இடம் உங்களுடைய தொடக்கம். 'முந்தைய ஆய்வுகள்' இயலை மட்டும் அங்கிருந்து அள்ளி எடுப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அதில் ஒருவர் செய்த பிழை அடுத்தடுத்த ஆய்வேடுகளில் அப்படியே நகல் ஆகிறது. அவர் சொல்லும் ஒவ்வொரு கட்டுரையையும் நீங்களே திறந்து பாருங்கள்.

"ஒரு வெப்சைட்டை நம்பலாமா வேண்டாமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? நல்ல டிசைன், 'எபவுட் அஸ்' எல்லாம் இருக்கு."

அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து யோசிக்காதீர்கள். புதிய டேப் ஒன்றைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், தொழில்முறையில் உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு இளங்கலை மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவர்களுக்கான இரண்டு அமெரிக்க அமைப்புகளின் பக்கங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட பழைய சங்கம். மற்றது அதிலிருந்து பிரிந்த ஒரு சிறு குழு, பெயர் மட்டும் அதே தோரணையில் இருக்கும். மாணவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தார்கள், வரலாற்று அறிஞர்கள் சிலரும் தடுமாறினார்கள். உண்மை சரிபார்ப்பவர்கள் மட்டும் சட்டென்று பக்கத்தை விட்டு வெளியேறி, வேறிடத்தில் விசாரித்துச் சரியாகச் சொன்னார்கள்.

நல்ல வடிவமைப்பு, எழுத்துப் பிழை இல்லாமை, பெயருக்குப் பின்னால் பட்டங்கள், இவையெல்லாம் காசு கொடுத்தால் கிடைப்பவை. பிறர் அவர்களைப் பற்றிச் சொல்வதை அவர்களால் அவ்வளவு எளிதில் ஏற்பாடு செய்ய முடியாது.

"பியர் ரிவ்யூ ஆன ஜர்னல்ல வந்திருந்தா அப்படியே நம்பிடலாம்ல?"

வெளியிடும் முன் அதே துறை அறிஞர்கள் படித்து மதிப்பிடுவதுதான் 'பியர் ரிவ்யூ'. தொடங்குவதற்கு அது நல்ல இடம், அவ்வளவுதான். 1998-ல் லான்செட் இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு முதலானோர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாக உலகம் முழுவதும் ஒரு பயத்தைக் கிளப்பியது. உலகின் முதல் வரிசை மருத்துவ இதழ் அது. கட்டுரையை இதழ் முழுமையாகத் திரும்பப் பெற 2010 வரை ஆனது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

ஆகவே ஒரு கட்டுரையைப் பெரிதாக நம்பி எழுதப் போகிறீர்கள் என்றால், அது திரும்பப் பெறப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். இதழின் தளத்தில் கட்டுரையைத் திறந்தால் மேலேயே அறிவிப்பு இருக்கும். நீங்கள் எங்கிருந்தோ இறக்கி வைத்திருக்கும் பழைய பிடிஎஃப்-இல் அது இருக்காது. திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுக்கும் 'ரிட்ராக்ஷன் வாட்ச்' தரவுத்தளம் 2023 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சான்றுகளைச் சேர்த்து வைக்கும் சொடேரோ மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அதுவே சிவப்பு எச்சரிக்கை காட்டும்.

"வாட்ஸ்அப்ல வந்துச்சு சார்: 'ஸ்கோபஸ் ஜர்னல், 7 நாளில் பிரசுரம், ஸ்டூடண்ட்ஸுக்குச் சலுகை.' அனுப்பலாமா?"

வேண்டாம். ஒழுங்கான மதிப்பீடு 7 நாளில் முடியாது. காசுக்காகவே நடக்கும் இப்படிப்பட்ட இதழ்களுக்கு 'பிரிடேட்டரி' (இரை தேடும்) என்ற பெயரை 2010 வாக்கில் பரப்பியவர் கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல். அவருடைய பட்டியல் 2017 ஜனவரியில் எடுக்கப்பட்டுவிட்டது. அதன் பழைய நகல்களை வைத்து இன்று முடிவெடுக்க முடியாது. இதழை நீங்களே சோதிக்க வேண்டும்.

இதழின் பெயரை, ஸ்கோபஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் சொந்தப் பட்டியலில் தேடுங்கள், அதற்குச் சந்தா தேவையில்லை. பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நீக்கப்பட்ட இதழ்களைக் காட்டித்தான் பலர் பணம் பறிக்கிறார்கள். அடுத்து, உங்களுக்கு வந்த இணைப்பின் முகவரியும் பட்டியலில் உள்ள பதிப்பாளரின் முகவரியும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துவது இப்போது சாதாரணம். ஐஎஸ்எஸ்என் என்பது 8 இலக்க அடையாள எண் மட்டுமே, தரச் சான்று இல்லை. கடைசியாக, ஆசிரியர் குழுவில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். முந்தைய பதில் ஒன்றில் சொன்ன 'பக்கத்தை விட்டு வெளியே போய் விசாரிப்பது' இங்கேயும் அப்படியே பொருந்தும்.

பணம் கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள். குறைந்தபட்சம் அடுத்தவர் தப்புவார்.

"யுஜிசி கேர் லிஸ்ட் இப்ப இல்லைங்கறாங்களே. அப்ப எதைப் பார்த்து முடிவு பண்றது?"

ஏற்கத்தக்க இதழ்கள் என்று 2018-ல் அறிவித்த அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. இதழைத் தேர்ந்தெடுக்கப் பார்க்க வேண்டிய அளவுகோல்களை மட்டும் கொடுத்து, முடிவை நிறுவனங்களிடமே விட்டிருக்கிறது. எனவே முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவு இப்போது எதை ஏற்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சீனியர் சொன்னதை நம்பி அனுப்ப வேண்டாம். பட்டியல் போனது தமிழ் இதழ்களில் எழுதுபவர்களைத்தான் அதிகம் பாதிக்கிறது. பன்னாட்டுத் தரவுத்தளங்களில் தமிழ் இதழ்கள் மிகக் குறைவு, ஆகவே அவர்களுக்கு மாற்றுப் பட்டியல் என்று ஒன்று கையில் இல்லை. துறையும் நூலகமும் சேர்ந்து உட்கார்ந்து, தங்கள் மாணவர்களுக்கு ஏற்ற இதழ்களைப் படித்துப் பார்த்து ஒரு பரிந்துரை தயாரிப்பதுதான் இப்போதைக்கு நேர்மையான வழி.

"ரெஃபரன்ஸ்ல சர்நேம் முதல்ல போடச் சொல்றாங்க. நமக்குத்தான் சர்நேமே இல்லையே?"

நியாயமான கேள்வி. ஏபிஏ போன்ற சான்று காட்டும் முறைகள் குடும்பப் பெயர் உள்ளவர்களுக்காக உருவானவை. தமிழ்ப் பெயரில் முன்னெழுத்து என்பது தந்தை பெயர் அல்லது ஊர்ப் பெயர். ஆளின் பெயர் அதற்குப் பின்னால் வருவது. உ. வே. சாமிநாதையரில் 'உ' உத்தமதானபுரம், 'வே' வேங்கடசுப்பையர். ஆகவே பட்டியலில் 'சாமிநாதையர், உ. வே.' என்று சகரத்தில் வரும். சொடேரோவில் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்திலும் முன்னெழுத்தை முதல் பெயர்க் கட்டத்திலும் போட்டால் தானாகவே இப்படி அமையும்.

உங்கள் சொந்தப் பெயருக்கு இது இன்னும் முக்கியம். இதழின் படிவம் 'லாஸ்ட் நேம்' கேட்டதும் பலர் அப்பா பெயரை விரித்து எழுதிவிடுகிறார்கள். பிறகு உலகம் அவர்களை அப்பா பெயரால் மேற்கோள் காட்டுகிறது. அடுத்த கட்டுரையில் வேறு மாதிரி எழுதினால் தரவுத்தளத்தில் இரண்டு ஆட்களாகிவிடுகிறார்கள். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவுசெய்து கடைசிவரை மாற்றாதீர்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணையும் வாங்கிவிடுங்கள்.

"சொடேரோ எல்லாம் இப்பவே கத்துக்கணுமா? கடைசியில மொத்தமா ரெஃபரன்ஸ் போட்டுக்கலாமே?"

கடைசியில் போட உட்காரும்போது, குறிப்பில் இருக்கும் ஒரு வரி எந்த நூலில் எந்தப் பக்கத்தில் எடுத்தது என்று நினைவிருக்காது. சொடேரோ இலவசம், 2006 முதல் இருக்கிறது, ஒரு மதிய நேரத்தில் பழகிவிடலாம்.

"சிமிலாரிட்டி 10 சதவீதத்துக்குக் கீழே வந்தா பிரச்சினை இல்லைதானே?"

விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. உரிய முறையில் காட்டிய மேற்கோள், சான்றுப் பட்டியல், உள்ளடக்கம், நன்றியுரை, சட்ட வாசகங்கள், நிலையான சமன்பாடுகள் போன்றவை கணக்கில் சேரா. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகவும் வரம்பு வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

மென்பொருள் காட்டுவது ஒப்புமையை. அது திருட்டா இல்லையா என்பதை மனிதர் படித்துத்தான் சொல்ல வேண்டும். 18 சதவீதம் வந்த ஆய்வேட்டில் எல்லாமே முறையான மேற்கோளாக இருக்கலாம். 6 சதவீதம் வந்ததில், அந்த ஆறும் சேர்ந்து ஒரே ஆளின் முடிவுரையாக இருக்கலாம். இரண்டாவதுதான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டும். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், வண்ணமிட்ட ஒவ்வொரு பத்தியையும் திறந்து 'இது யாருடையது, நான் சொல்லியிருக்கிறேனா' என்று பாருங்கள். சொற்களை மாற்றி மாற்றி எண்ணைக் குறைப்பதற்கு நாட்களைச் செலவிடுகிறவர்கள், அதே நேரத்தில் அந்தப் பத்தியைப் புரிந்துகொண்டு சொந்தமாகவே எழுதியிருக்கலாம்.

"ஆங்கிலக் கட்டுரையைத் தமிழ்ல மாத்தி எழுதினா சாஃப்ட்வேர் பிடிக்காதுன்னு சொல்றாங்களே?"

பிடிக்காமல் போகலாம். தமிழில் ஒப்பிட அதனிடம் இருக்கும் தரவும் குறைவு, எழுத்துரு சிக்கல் வேறு. ஆனால் கருத்து யாருடையதோ அவர் பெயரைச் சொல்லாவிட்டால் எந்த மொழியில் எழுதினாலும் அது திருட்டுதான். புறத்தேர்வாளர் அந்தத் துறையில் பல ஆண்டுகள் படித்தவர். அந்த ஆங்கிலக் கட்டுரையை அவர் படித்திருப்பார். பெயரைச் சொல்லிவிட்டால் இதே வேலை மதிப்புக்குரியதாகிவிடும். நல்ல ஆங்கிலக் கட்டுரையைத் தெளிவான தமிழில் சுருக்கித் தருவதற்கு நம்மிடம் ஆட்கள் போதவில்லை.

"சாட்ஜிபிடி கிட்ட கேட்டா கட்டுரை, ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் தருதே. அதை வச்சுக்கலாமா?"

ஒவ்வொன்றையும் திறந்து பார்க்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது. உண்மையான ஆசிரியர் பெயர், உண்மையான இதழ், ஆனால் அப்படி ஒரு கட்டுரையே வெளிவந்திருக்காது. 2023-ல் நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். ஆய்வேட்டில் இல்லாத கட்டுரை ஒன்று இருந்தாலும் தேர்வாளர் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படத் தொடங்குவார்.

சரிபார்க்கும் வழி இதுதான். கட்டுரைத் தலைப்பை இரட்டை மேற்கோள்குறிக்குள் போட்டு ஸ்காலரில் தேடுங்கள். டிஓஐ எண் (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) கொடுத்திருந்தால் அதைத் திறங்கள். சில நேரம் எண் உண்மையாக இருக்கும், திறந்தால் வேறு கட்டுரை வரும். இரண்டிலும் கிடைக்கவில்லை என்றால் இதழின் தளத்தில் அந்தத் தொகுதியின் உள்ளடக்கத்தையும் பக்க எண்களையும் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் நீக்கிவிடுங்கள். கட்டுரை உண்மையாகவே இருந்தாலும் வேலை முடியவில்லை. அது சொன்னதாகச் சாட்ஜிபிடி சொன்னதை, கட்டுரை உண்மையிலேயே சொல்கிறதா என்று படிக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து இதில் பயனுள்ள பயன்பாடு ஒன்று உண்டு. மூன்று பத்தித் தாளை நிரப்பும்போது, ஒரு கருத்துக்கு வேறு என்னென்ன ஆங்கிலச் சொற்கள் புழங்குகின்றன என்று கேளுங்கள். அங்கே அது தப்பாகச் சொன்னாலும் நஷ்டமில்லை, தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் உங்கள் பல்கலைக்கழக விதியைப் பார்த்து, பயன்படுத்தியதை ஆய்வேட்டில் சொல்லிவிடுங்கள்.

"நீங்க ஒண்ணு சொல்றீங்க, என் கைடு வேற சொல்றாங்க. யார் பேச்சைக் கேட்கறது?"

ஆய்வுப் பொருள், முறை, முடிவு இவற்றில் நெறியாளர் சொல்தான். நாங்கள் அதில் தலையிட மாட்டோம். இதழ் போலியா, சான்று இருக்கிறதா, விதி என்ன என்பவை யார் சொன்னாலும் சரிபார்க்கக் கூடியவை. நெறியாளர் சொன்ன இதழில் சந்தேகம் இருந்தால் 'நூலகர் வேண்டாம் என்றார்' என்று போய் நிற்காதீர்கள். ஸ்கோபஸ் பட்டியலில் நீக்கப்பட்டதைக் காட்டும் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோய், 'மேடம், இப்படி இருக்கு, என்ன செய்யலாம்' என்று கேளுங்கள். பெரும்பாலான நெறியாளர்கள் நன்றி சொல்வார்கள். வழிநடத்தும் ஆய்வேட்டில் கருத்துத் திருட்டு இல்லை என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவது அவர்களும்தானே.

"நான் தேடின வரைக்கும் ஒண்ணும் கிடைக்கல. 'இத்தலைப்பில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை'ன்னு எழுதிடலாமா?"

ஏறக்குறைய எல்லா ஆய்வுத் திட்டத்திலும் இந்த வாக்கியம் வருகிறது. பெரும்பாலும் அது தவறாகவே இருக்கிறது. கிடைக்கவில்லை என்பதற்குப் பல காரணம் இருக்கலாம். சொல் மாறியிருக்கலாம், ஊர்ப் பெயரின் எழுத்து மாறியிருக்கலாம், தமிழ் நூல் பழைய எழுத்துருவில் கிடக்கலாம், ஆய்வேடு இன்னும் சோத்கங்காவில் ஏறாமல் துறை நூலகத்தின் அலமாரியில் இருக்கலாம். நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் திட்டங்கள் சோத்கங்கோத்ரியில் உள்ளன, அங்கேயும் பார்க்க வேண்டும்.

அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேடல் குறிப்பு எழுதுங்கள்: தேதி, எந்தத் தரவுத்தளம், அடித்த சொற்கள் அப்படியே, எத்தனை வந்தது, அதில் எதை எடுத்தீர்கள். இந்த நோட்டு இருந்தால் நூலகரும் ஐந்து நிமிடத்தில் விட்டுப்போன இடத்தைக் காட்டிவிடுவார். இதையெல்லாம் பார்த்த பிறகும் ஒன்றும் இல்லை என்றால் இப்படி எழுதுங்கள்: 'இன்னின்ன தரவுத்தளங்களிலும் நூலகங்களிலும், இந்தத் தேதி வரை, இந்தச் சொற்களைக் கொண்டு தேடியதில், இப்பகுதியைப் பற்றிய தனி ஆய்வு எதுவும் ஆய்வாளரின் பார்வைக்குக் கிட்டவில்லை.' வைவாவில் யாராவது 'அப்படி ஒன்று இருக்கிறதே' என்று சொன்னாலும் இந்த வாக்கியம் பொய்யாகாது. நீங்கள் எங்கே தேடினீர்கள் என்று காட்ட நோட்டும் கையில் இருக்கும்.